டெஃப்ளான் லைனிங்கில் வேலை: அக்ரஹாரத்திலிருந்து நஞ்சன்கூடு வரை

அமிலம் ஓடும் ஆலைக் குழாயை வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண இரும்புக் குழாய்தான். ஃப்ளேஞ்சைக் கழற்றினால்தான் உள்ளே சில மில்லிமீட்டர் தடிமனில் இன்னொரு குழாய், வெள்ளையாக, இறுகப் பொருந்தியிருப்பது தெரியும். அதுதான் லைனர். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் புரோமினும் இரும்பைத் தொடாமல் போவது அதன் தயவில்தான். பொருளின் பெயர் பி.டி.எஃப்.இ.; கடைத்தெருவில் டெஃப்ளான். இந்த லைனரில் நானோ துகள்களைச் சேர்த்து அதன் ஆயுளைக் கூட்டும் முயற்சி உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. வேதியியல், பாலிமர், மெக்கானிக்கல் படித்த பிள்ளைகளுக்கு இது நல்ல துறை. எந்த வாசல் வழியாக நுழைவது என்பதில்தான் குழப்பம்.

மைசூரு அக்ரஹாரத்திலும் ராமானுஜ சாலைப் பக்கத்திலும் இருக்கும் தமிழ் வீடுகளில், பிள்ளை கல்லூரியை முடிக்கும்போது பேச்சு பெங்களூரு சாஃப்ட்வேர் கம்பெனிகளைப் பற்றியே சுற்றும். அதில் தவறில்லை. ஆனால் இதே ஊரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் சிபெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மானசகங்கோத்ரியை ஒட்டிய ஜே.எஸ்.எஸ். வளாகத்தில், பழைய எஸ்.ஜே.சி.இ. கல்லூரியில், பாலிமர் அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. தெற்கே 25 கிலோமீட்டர் போனால் நஞ்சன்கூட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிப்பு நடக்கிறது. பொருளைப் படிக்க ஓரிடம், செய்துபார்க்க ஓரிடம், அது பயன்படும் வகை ஆலைகள் ஓரிடம் என மூன்றும் அக்ரஹாரத்து வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானோ பற்றி எவ்வளவு படித்திருந்தாலும், லைனர் எப்படிப் பழுதாகிறது என்று தெரியாதவர் இந்தத் துறையில் நிலைக்க முடியாது. பழுதைப் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிந்தவர் டிப்ளமோ படித்தவராக இருந்தாலும், முனைவர் பட்டம் பெற்றவரே அவரிடம் வந்து கேட்பார். ஆகவே இந்த வழிகாட்டியும் பழுதிலிருந்தே தொடங்குகிறது.

லைனர் எப்படிச் சாகிறது

பி.டி.எஃப்.இ.யைக் கண்டுபிடித்தவர் ராய் பிளங்கெட். 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில், குளிர்சாதன வாயு தேடிய வேலையின் நடுவே தற்செயலாகக் கிடைத்தது. முதல் பெரிய பயன்பாடு சமையல் பாத்திரத்தில் வரவில்லை. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற கொடிய அரிப்புப் பொருளைத் தாங்கும் கேஸ்கெட்டுகளாகவும் குழாய்ப் பூச்சாகவும் வந்தது. பிறந்த நாளிலிருந்தே இது குழாய்க்காரர்களின் பொருள் என்று சொல்லலாம்.

260 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும். ஏறக்குறைய எந்த அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தும் லைனர்கள் பழுதாகின்றன. ஏன் என்பதற்கு நான்கு காரணங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஊடுருவல். ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின், புரோமின் போன்றவற்றின் மூலக்கூறுகள் பி.டி.எஃப்.இ.யைக் கரைக்காமலேயே அதன் ஊடாக மெதுவாக நகர்ந்து இரும்புப் பக்கம் போய்ச் சேரும். அதனால்தான் வெளி இரும்புக் குழாயில் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். வீப் ஹோல் என்பது அதன் பெயர். உள்ளே சேரும் வாயு அதன் வழியாக வெளியேற வேண்டும். ஆலைக்கு வெள்ளையடிக்க வரும் பெயின்ட் கான்ட்ராக்டருக்கு இது தெரியாது. துளையைப் பெயின்டால் அடைத்துவிடுவார். வெப்பக்காப்பு சுற்றுபவர் அதன் மேலேயே சுற்றிவிடுவார். பிறகு லைனருக்கும் இரும்புக்கும் நடுவே வாயு அழுத்தம் ஏறும். குழாய்க்குள் அழுத்தம் இறங்கும் ஒரு நாளில் லைனர் உள்பக்கமாக மடிந்து வழியை அடைத்துக்கொள்ளும். லைனர் தரமில்லை என்று சப்ளையருக்குப் புகார் போகும். சப்ளையர் பக்கத்தில் நிற்கும் இளம் எஞ்சினியர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான்.

இரண்டாவது, வெற்றிட அழுத்தம். பம்ப் திடீரென நின்றாலோ, சூடான குழாய் மூடிய நிலையில் குளிர்ந்தாலோ உள்ளே வெற்றிடம் உண்டாகும். குழாயின் விட்டம் பெரிதாகப் பெரிதாக லைனர் மடியும் ஆபத்தும் கூடும். வெப்பநிலை ஏறினால் இன்னும் மோசம். குழாய்க்குக் குறித்த வெற்றிடத் தாங்குதிறன் எந்த வெப்பநிலையில் அளந்தது என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

மூன்றாவது, வெப்ப விரிவு. பி.டி.எஃப்.இ. இரும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விரியும். 3 மீட்டர் நீளக் குழாய் 100 டிகிரி சூடேறினால் இரும்பு ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் நீளும். தடுக்க ஆளில்லாவிட்டால் லைனர் 36 மில்லிமீட்டர் அளவுக்கு நீளப் பார்க்கும். இரும்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த இழுபறி முழுவதும் குழாயின் இரு முனைகளிலும் ஃப்ளேஞ்சின் மேல் மடித்துவிட்ட பகுதியில் போய்ச் சேரும். அந்த மடிப்புக்கு ஃப்ளேர் என்று பெயர். விரிசல் விழுவது பெரும்பாலும் அங்கேதான். போல்ட்டை எதிரெதிர் வரிசையில் சமமாக முடுக்க வேண்டும், முதல் சூடாக்கல் சுற்று முடிந்து குழாய் குளிர்ந்தபின் மறுபடி முடுக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வதற்கு இதுதான் காரணம். ஸ்டோரில் கிடக்கும் குழாயின் முனையை மூடியிருக்கும் பலகையை, பொருத்தும் நேரம் வரை கழற்றாதீர்கள். ஒரு கீறல் போதும், அந்த முனையில் கசிவு வந்துவிடும்.

நான்காவது, தேய்மானமும் தளர்ச்சியும். திடத்துகள் கலந்த கூழ் ஓடினால் லைனர் தேயும். தொடர்ந்து அமுக்கினால் பி.டி.எஃப்.இ. மெல்ல நகர்ந்து இளகிக் கொடுக்கும். தொழிலில் இதைக் கோல்ட் ஃப்ளோ என்கிறார்கள். நானோ துகள்களின் கதை பெரும்பாலும் இந்த நான்காவது காரணத்தில் தொடங்கி முதலாவதை நோக்கி நகர்கிறது.

நானோ எதற்கு, எங்கே சறுக்குகிறது

பி.டி.எஃப்.இ.யில் கண்ணாடி இழை, கார்பன், கிராஃபைட், வெண்கலத் தூள் சேர்ப்பது பழைய வழக்கம். சீல், பேரிங், பிஸ்டன் ரிங் செய்பவர்கள் 15 அல்லது 25 சதவீதம் கண்ணாடி இழை, வெண்கலமானால் 60 சதவீதம் வரைகூடச் சேர்ப்பார்கள். குழாய் லைனர் செய்பவர்கள் அதற்குத் தயங்குவார்கள். காரணம் நியாயமானது. ஃபில்லர் துகளுக்கும் பாலிமருக்கும் நடுவே இடுக்கு விழுந்தால் அமிலம் அந்த வழியே போய்விடும். கண்ணாடியை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தின்றுவிடும், சூடான காஸ்டிக்கும் விடாது. வெண்கலம் அமிலத்தில் நிற்காது. எனவே லைனருக்குப் பெரும்பாலும் கலப்பில்லாத பிசின்தான்.

அளவு சிறிதாக இருந்தால் இந்தத் தடை விலகுமா என்பதே நானோவின் கேள்வி. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பரிஸும் கிரெகரி சாயரும் 2006இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒழுங்கற்ற வடிவமுள்ள ஆல்ஃபா அலுமினா நானோ துகள்களைச் சுமார் 1 சதவீதமே சேர்த்தபோது பி.டி.எஃப்.இ.யின் தேய்மானம் ஏறத்தாழ 3000 மடங்கு குறைந்தது. படித்தவுடன் எல்லாக் குழாய்க்கும் இதைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தச் சோதனை, எண்ணெயோ திரவமோ இல்லாமல் எஃகின் மேல் உரசிப் பார்த்தது. காற்றிலுள்ள ஈரப்பதம் அந்தப் பலனுக்குத் தேவைப்படுகிறது, அது இல்லாத சூழலில் பலன் பெரிதும் குறைகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. குழாய்க்குள் அமிலக் கூழ் ஓடும்போது நடக்கும் அரிப்பு முற்றிலும் வேறு நிகழ்வு. நேர்முகத் தேர்வில் இந்த 3000 மடங்கைச் சொல்பவர்கள் பலர் இருப்பார்கள். எந்தச் சோதனையில், எந்தச் சூழலில் என்று சேர்த்துச் சொல்பவர் தனித்துத் தெரிவார்.

ஊடுருவலைக் குறைக்கத் தட்டு வடிவத் துகள்கள் உதவலாம். களிமண் நானோ தட்டுகள், கிராஃபீன் போன்றவை குறுக்கே கிடந்தால் வாயு மூலக்கூறு சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்; பாதை நீளும், கசிவு குறையும். தட்டுகள் குழாயின் சுவருக்கு இணையாகப் படுத்திருந்தால்தான் இது நடக்கும். எக்ஸ்ட்ரூஷனில் அவை எந்தப் பக்கம் படுக்கின்றன என்பதைச் சோதிக்காமல் கணக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

நிலைமின்சாரம் இன்னொரு தேவை. டொலுவீன் போன்ற கரைப்பான் மின்கடத்தாத லைனருக்குள் வேகமாக ஓடினால் மின்னேற்றம் சேர்ந்து, லைனரையே துளைத்துப் பொறி பறக்கலாம். கார்பன் கறுப்பு கலந்த கறுப்பு லைனர்கள் இதற்கென்றே வந்தவை. கார்பன் நானோ குழல்கள் அதே மின்கடத்தலை மிகக் குறைந்த அளவில் தருகின்றன. இங்கே ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. லைனரில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க 10,000 வோல்ட்டும் அதற்கு மேலும் கொடுத்து ஸ்பார்க் டெஸ்ட் செய்வார்கள். துளை இருந்தால் இரும்புக்குப் பொறி தாவும். லைனரே மின்சாரத்தைக் கடத்தினால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. நீங்கள் சேர்த்த நானோ துகள் தொழிற்சாலையின் மிக நம்பகமான சோதனையையே பறித்துவிடும். அதற்குப் பதிலாக நீர் அழுத்தச் சோதனை, கண் பரிசோதனை, சுவர்த் தடிமன் அளவு இவற்றை எப்படி இறுக்குவது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

அடிப்படைத் தொல்லை கலப்பதில் இருக்கிறது. எதுவும் ஒட்டாத பொருள் என்பதே பி.டி.எஃப்.இ.யின் பெருமை, நானோ துகளும் அதில் ஒட்டாது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, சரியாகக் கிளறாத உப்புமாவில் ரவை கட்டி தட்டுவதைப் போலக் கட்டியாகிவிடும். 50 நானோமீட்டர் என்று வாங்கிய தூள் குழாய்க்குள் 50 மைக்ரான் கட்டியாக உட்கார்ந்திருந்தால், அது வலுவூட்டும் பொருளாக இல்லாமல் குறையாகிவிடும். துகளின் மேல் ஃப்ளோரின் கொண்ட சிலேன் பூச்சுக் கொடுப்பது, ஆல்கஹாலில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பிரிப்பது, ஜெட் மில்லில் பிசினோடு சேர்த்து அரைப்பது என்று வழிகள் பல உண்டு. இதில் கை தேர்ந்தவருக்கு நானோ லைனர் வேலையில் பாதி வசப்பட்டுவிட்டது.

பட்டறையில் முதல் வருடம்

பி.டி.எஃப்.இ. உருகினாலும் ஓடாது. அதன் உருகுநிலை 327 டிகிரி, ஆனால் உருகிய நிலையிலும் மற்ற பிளாஸ்டிக் போலக் குழைந்து வராது. எனவே தூளை அமுக்கி வடிவம் கொடுத்து, 360 முதல் 380 டிகிரி வரை சூளையில் வைத்து இறுக்குவார்கள். இதற்குச் சின்டரிங் என்று பெயர். குழாய் லைனருக்கு ராம் எக்ஸ்ட்ரூஷன் அல்லது பேஸ்ட் எக்ஸ்ட்ரூஷன் என்ற முறைகள். சூளையிலிருந்து எவ்வளவு வேகத்தில் குளிர வைக்கிறீர்கள் என்பதில் நுணுக்கம் இருக்கிறது. மெதுவாகக் குளிர்ந்தால் படிகத் தன்மை கூடி ஊடுருவல் குறையும்; ஆனால் மடிந்து மடிந்து தாங்கும் ஆயுளும் குறையும். ஃப்ளேரில் விரிசல் விழும் குழாயையும் வாயு கசியும் குழாயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு முனைகளும் கண்ணுக்குத் தெரியும்.

உறவுக்காரப் பொருள்களையும் அறிந்துகொள்ளுங்கள். பி.எஃப்.ஏ., எஃப்.இ.பி., இ.டி.எஃப்.இ., பி.வி.டி.எஃப். ஆகியவை உருகி ஓடும். வளைவுகள், டீ, வால்வு உடல் போன்ற சிக்கலான வடிவங்களுக்கு இவைதான் உதவும். நானோ துகளைக் கலக்கவும் இவை எளிது, இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் போதும். ஆனால் உயர் வெப்பத்தில் கொஞ்சம் சிதைந்தாலும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும். சாதாரண எஃகுத் திருகை அது அரித்துவிடும். நிக்கல் கலந்த உயர்ரக உலோகத்தில் செய்த திருகும் பீப்பாயும் தேவைப்படும். கல்லூரி லேபில் இருக்கும் எக்ஸ்ட்ரூடரில் இதை ஓட்டக் கேட்கும் முன் இதை நினைத்துப்பாருங்கள். பி.வி.டி.எஃப். கடலடி எண்ணெய்க் குழாய்களின் உள்ளுறையாகவும் இருப்பதால், அதைக் கற்றவருக்கு எண்ணெய்த் துறையிலும் வாய்ப்பு உண்டு.

முதல் வருடத்தில் மேலாளர் உங்களை அடர்த்தி அளக்கவும், சுவர்த் தடிமன் பார்க்கவும், ஸ்பார்க் டெஸ்ட்டில் நிற்கவும் வைப்பார். ஆய்வு வேலை தரவில்லையே என்று மனம் சோர வேண்டாம். இந்த வேலையிலேயே நானோவுக்கான கண் திறக்கும். ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். கலப்பில்லாத பி.டி.எஃப்.இ.யின் அடர்த்தி 2.16, அலுமினாவின் அடர்த்தி 3.95 என்று வைத்துக்கொள்வோம். எடையில் 2 சதவீதம் அலுமினா சேர்த்தால் கலவையின் அடர்த்தி 2.18 வர வேண்டும். நீங்கள் அளந்தபோது 2.14 வந்தால், உள்ளே ஏறத்தாழ 1.8 சதவீதம் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். நானோ சேர்த்ததால் குழாய் வலுத்ததா, ஓட்டை போட்டதா என்பதற்கு ஒரு தராசும் கொஞ்சம் தண்ணீரும் பதில் சொல்லிவிடும். படிகத் தன்மை மாறினாலும் அடர்த்தி மாறும் என்பதால், ஒப்பிடும் வெற்று மாதிரியையும் அதே வேகத்தில் குளிர வைத்து, படிகத் தன்மையைக் காட்டும் டி.எஸ்.சி. கருவியில் சரிபார்க்க வேண்டும். மின்நுண்ணோக்கிப் படத்தைவிட இந்தக் கணக்கே எனக்கு அதிக நம்பிக்கை தரும். படம் ஒரு புள்ளியைக் காட்டுகிறது. அடர்த்தி முழுத் துண்டையும் பற்றிப் பேசுகிறது.

தரநிலைகளில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1545 என்ற ஒன்றை உட்கார்ந்து முழுவதும் படித்துவிடுங்கள். பிளாஸ்டிக் லைனிங் போட்ட இரும்புக் குழாய்க்கும் பொருத்திகளுக்கும் அதுதான் பொதுவான அடிப்படை. பிசினுக்கு டி 4894, டி 4895 ஆகிய இரண்டும். வாடிக்கையாளரின் ஆர்டரில் இவை எழுதியிருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு சோதனையும் எந்தப் பழுதைத் தடுக்க வந்தது என்று சொல்லிப் பழகுங்கள்.

கன்னடம் பற்றி ஒரு வார்த்தை. அக்ரஹாரத்துப் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே கைவரும் என்பதால் அதன் மதிப்பை உணர்வதில்லை. சூளை ஆபரேட்டரோடும் ஃபிட்டரோடும் கன்னடத்தில் பேசி, மேட்டூர் அல்லது கடலூர் வாடிக்கையாளரோடு தமிழில் பேசி, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத முடிந்தவர் தென்னிந்திய ஆலைகளுக்கு மிகவும் வேண்டப்பட்டவர். பழுது நடந்த அன்று என்ன நடந்தது என்ற உண்மை ஷிஃப்ட் ஆபரேட்டரின் வாயிலிருந்துதான் வரும். அவர் மொழியில் கேட்டால்தான் முழுசாக வரும்.

எங்கே படிப்பது

பத்தாவது முடித்தவருக்கு சிபெட்டில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்புகள் உண்டு: பிளாஸ்டிக் தொழில்நுட்பம் ஒன்று, அச்சுத் தொழில்நுட்பம் இன்னொன்று. பி.எஸ்சி. முடித்தவருக்குப் பிளாஸ்டிக் பதப்படுத்தலிலும் சோதனையிலும் முதுநிலை டிப்ளமோ. வேதியியல் பட்டதாரிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சோதனைக் கருவிகளில் நேரடியாகக் கை வைக்கக் கிடைக்கும். சிபெட் 1968இல் சென்னை கிண்டியில் தொடங்கிய நிறுவனம். மைசூருவில் இருப்பது அதன் கிளைகளில் ஒன்று. பொறியியல் வேண்டுமானால் ஜே.எஸ்.எஸ். பல்கலைக்கழகத்தின் பாலிமர் துறை. தமிழ்நாட்டுப் பக்கம் போக விரும்பினால், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம்.

அரிப்பைப் பற்றி ஆழமாகக் கற்க விரும்புவோர் காரைக்குடியை மறக்க வேண்டாம். நேரு 1948இல் அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் வந்தது. லைனர் துறைக்குள் இருப்பவர்களில் பலர் பாலிமரை மட்டும் அறிவார்கள். லைனருக்குப் பின்னால் இரும்பு எப்படி அழிகிறது என்று மின்வேதியியலாகச் சொல்லத் தெரிந்தவர் குறைவு.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஃப்ளேர் போடுவது, குழாயைப் பொருத்துவது, ஸ்பார்க் டெஸ்ட் எடுப்பது எல்லாம் கைத்திறன். 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ்ப் பயிற்சியில் சேர்வது நல்ல தொடக்கம். பொறியியல், டிப்ளமோ முடித்தவர்களின் பயிற்சியைக் கர்நாடகத்துக்கும் சேர்த்துச் சென்னைத் தரமணியில் உள்ள அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் கவனிக்கிறது. பூச்சுப் பரிசோதனைப் பக்கம் போக விரும்புவோருக்கு ஏ.எம்.பி.பி. அமைப்பின் கோட்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் வெளிநாடுகளிலும் செல்லும். பழைய நேஸ் அமைப்பு இன்னொன்றோடு சேர்ந்து 2021இல் உருவானது அது.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. பி.வி.டி.எஃப்.பில் நானோ அலுமினா 1, 2, 3 சதவீதம் சேர்த்துத் தகடு செய்யுங்கள். வெற்று மாதிரியோடு அடர்த்தியை ஒப்பிட்டு வெற்றிட அளவைச் சொல்லுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 3 சதவீதத்தில் குணம் கெட்டுப்போனால் அதை மறைக்காமல், கட்டி எங்கே தட்டியது என்று காட்டுங்கள். வெற்றி பெற்ற ப்ராஜெக்ட்டைவிடத் தோற்றதை ஒழுங்காக விளக்கிய ப்ராஜெக்ட்டை மதிக்கும் மேலாளர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள்.

உடம்பு முக்கியம்

இந்தப் பகுதியை எக்காரணம் கொண்டும் தாண்டிப் போகாதீர்கள். பி.டி.எஃப்.இ. திடமாக இருக்கும்போது சாது. 350, 400 டிகிரியைத் தாண்டும்போது அதிலிருந்து வரும் புகை காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் தரும். பாலிமர் புகைக் காய்ச்சல் என்று மருத்துவ இதழ்கள் 1951 முதல் எழுதிவருகின்றன. இன்னும் சூடானால் வரும் வாயுக்கள் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு. லைனிங் போட்ட குழாயில் வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ ஒருபோதும் கூடாது. வெளியே இரும்பாகத் தெரிவதால் புதிதாக வந்த வெல்டர் டார்ச்சை வைத்துவிடுவார். தடுக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பிசின் தூள் கையில் இருக்கும்போது பீடி, சிகரெட் பற்றவைத்தாலும் அதே காய்ச்சல் வரும். சிகரெட்டில் ஒட்டிய தூள் கங்கில் வெந்து நேராக நெஞ்சுக்குள் போகிறது.

நானோ தூளுக்குத் தனி எச்சரிக்கை. கார்பன் நானோ குழல், நானோ இழைகளுக்கு அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த எல்லை, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியும் தூசி என்றால் அந்த எல்லை எப்போதோ தாண்டியாகிவிட்டது. தூள் நிலையில் திறந்த மேசையில் அளக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உறிஞ்சு பேழை வேண்டும், ஹெப்பா வடிகட்டி வேண்டும், முடிந்தால் ஏற்கனவே பிசினில் கலந்த மாஸ்டர்பேட்ச்சாக வாங்கச் சொல்லுங்கள். துணி முகமூடி இதற்குப் போதாது.

இந்தத் துறை நிலைக்குமா

நியாயமான கேள்வி. ஃப்ளோரின் சேர்மங்கள் பலவும் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகின்றன என்பதால் உலகெங்கும் கெடுபிடி கூடியிருக்கிறது. பிசின் தயாரிப்பில் உதவிப்பொருளாக இருந்த பி.எஃப்.ஓ.ஏ. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் இந்த ஃப்ளோரின் சேர்மக் குடும்பத்துப் பொருள்களின் உற்பத்தியிலிருந்தே விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து இந்தக் குடும்பம் முழுவதற்கும் கட்டுப்பாடு கோரி முன்மொழிவு வைத்தன. இந்த அக்கறை சரியானது. இத்தொழிலில் இருப்பவர்கள் அதை எதிரியாகப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

அதே நேரம், புரோமினையும் சூடான அமிலத்தையும் பாதுகாப்பாகக் கொண்டுபோக ஆலைக்கு இன்று சமமான மாற்று எளிதில் இல்லை. இந்தியாவில் பிசின் உற்பத்தியின் மையமும் இடம் மாறியிருக்கிறது. ஹைதராபாத் அருகே ருத்ராரத்தில் இயங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃப்ளோரோகார்பன்ஸை மூட 2020இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இன்று குஜராத்தின் தஹேஜில் குஜராத் ஃப்ளோரோகெமிக்கல்ஸும் எஸ்.ஆர்.எஃப்.பும் தயாரிக்கின்றன. பிசின் வேலை வேண்டுமானால் குஜராத் போக வேண்டியிருக்கும். லைனர் செய்வது, பொருத்துவது, பழுது பார்ப்பது ஆகியவை அமிலம் ஓடும் இடமெல்லாம் இருக்கும்: நஞ்சன்கூடு, கடலூர் சிப்காட், மேட்டூர், சாகுபுரம், மணலி.

கட்டுப்பாடுகள் நானோவுக்கு ஒருவகையில் வழி திறக்கின்றன. ஒரு லைனர் இரண்டு மடங்கு காலம் உழைத்தால், கழித்துப் போடும் ஃப்ளோரோபாலிமர் பாதியாகிறது. அந்த ஆயுளை நிரூபித்துக் காட்டுபவருக்கு இனி மதிப்பு கூடும். கழித்த லைனர் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். குப்பையோடு எரித்தால் வரும் வாயு என்னவென்று மேலே படித்தீர்கள். பிசின் வாங்கும்போது, தயாரிப்பில் ஃப்ளோரின் சர்ஃபாக்டன்ட் சேர்த்தார்களா என்று சான்றிதழில் தேடும் பழக்கத்தையும் இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் வாடிக்கையாளர் அதைக் கேட்பார்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது

உங்களிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று: "200 மில்லிமீட்டர் குழாயில் லைனர் உள்ளே மடிந்து கிடக்கிறது, என்ன பார்ப்பீர்கள்?" பொருளின் தரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வீப் ஹோல் திறந்திருக்கிறதா, பம்ப் எப்போது நின்றது, அப்போது வெப்பநிலை என்ன, முன்பு எப்போதாவது நீராவி விட்டுக் கழுவி வால்வை மூடினார்களா என்று வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு லைனரின் வெளிப்பக்கத்தில் நிறம் மாறியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லுங்கள். நானோ பற்றிக் கேட்டால் மட்டும் நானோ பேசுங்கள்.

நீங்களும் திருப்பிக் கேளுங்கள். சம்பளம் கேட்பதற்கு முன் சூளை அறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். சூளைக்கு மேல் புகை வெளியேற்றி இருக்கிறதா, அது ஓடுகிறதா, வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் தானாக அணையும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா, தூள் கலக்கும் இடத்தில் யாராவது டீ குடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாக, திரும்பி வந்த பழுதான குழாய்களை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அறுத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைக்கும் கம்பெனி என்றால், சம்பளம் ஆயிரம், இரண்டாயிரம் குறைந்தாலும் அங்கே சேருங்கள். நேராகப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடும் கம்பெனி என்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.